அம்மாவுக்கு மணிக்கட்டு உடைந்தது, கட்டும் பிரித்தாகிவிட்டது. அத்தோடு சரியா?

சுடர்விழி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மாதவிடாய் நின்றவர்களும் வயதான அம்மாவைப் பார்த்துக்கொள்பவர்களும் இங்கே நிறைய இருப்பதால் கேட்கிறேன்.

அம்மாவுக்கு வயது 67. குளியலறை வாசலில் கால் இடறி, கையை ஊன்றி விழுந்தார். உயரத்திலிருந்து ஒன்றும் விழவில்லை, நின்ற இடத்திலேயே சரிந்தார். வலது மணிக்கட்டில் முறிவு. மாவுக்கட்டு போட்டுப் பிரித்தாகிவிட்டது, இப்போது விரல்களை மடக்கி நீட்டப் பயிற்சி செய்கிறார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொல்லி ஒரு கால்சியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வேறு எதுவும் சொல்லவில்லை.

அவ்வளவு லேசாக விழுந்ததற்கே எலும்பு உடையுமா என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருக்கிறது. அம்மாவிடம் கேட்டால் "வயசாச்சுல்ல, விடு" என்கிறார். முன்பு என் காதளவு இருந்தவர், இப்போது தோளுக்குக் கொஞ்சம் மேலேதான் வருகிறார். கால்சியம் மாத்திரை போதுமா, வேறு ஏதாவது பரிசோதனை செய்ய வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பவளமல்லி எழுதியது:

சுடர்விழி, உங்கள் உறுத்தல் சரியானது. கட்டுப் பிரித்ததோடு இது முடியவில்லை.

நான் எலும்பு முறிவுப் பிரிவில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். மருத்துவர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்று. மணிக்கட்டு உடைந்து ஓர் அம்மா வருவார். படம் எடுப்போம், கட்டுப் போடுவோம், பிரிப்போம், அனுப்புவோம். சில வருடம் கழித்து அதே அம்மா இடுப்பு உடைந்து ஸ்ட்ரெச்சரில் வருவார். நடுவில் இருந்த வருடங்களில் உடைந்த கையைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள், ஏன் உடைந்தது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு அப்போதும் ஆற்றாமையாக இருக்கும், இப்போதும் இருக்கிறது.

50 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு, நின்ற உயரத்திலிருந்தோ அதற்கும் கீழிருந்தோ விழுந்து எலும்பு முறிந்தால், எலும்புப்புரை, அதாவது எலும்பின் அடர்த்தி குறைந்து லேசாக விழுந்தாலே உடையும் நோய், இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். உலக அளவில் 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் மூன்றில் ஒருவருக்கு இப்படிப்பட்ட முறிவு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. ஒரு முறை உடைந்தவருக்கு அடுத்து உடையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. அதிலும் முதல் முறிவுக்குப் பிந்தைய இரண்டு வருடங்கள்தான் ரொம்ப ஆபத்தானவை. அதனால் "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட இது நேரமில்லை.

ஏன் இப்படி ஆகிறது என்றால், நம் எலும்பில் பழைய பகுதியைக் கரைக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் எப்போதும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. ஒரே வீட்டில் இடிக்கிற ஆட்களும் கொத்தனார்களும் ஒன்றாக வேலை பார்ப்பது போல. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை இடிப்பவர்கள் ஓர் அளவோடு இருப்பார்கள். மாதவிடாய் நின்றதும் இடிப்பு வேகமாகிவிடும், கட்டுவது ஈடுகொடுக்காது. முதல் ஐந்து முதல் ஏழு வருடங்களில் சிலருக்கு எலும்பு அடர்த்தி 20 சதவீதம் வரை குறைந்துவிடுகிறது. மாதவிடாய் நிற்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பை அமெரிக்க மருத்துவர் ஃபுல்லர் ஆல்பிரைட் 1940களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார். இன்னும் பல வீடுகளில் இது "வயசாச்சுல்ல" என்ற அளவில்தான் நிற்கிறது.

மூட்டுத் தேய்மானம் வலிக்கும், அதனால் உடனே மருத்துவரிடம் ஓடுகிறோம். எலும்புப்புரை உடையும்வரை வலிக்கவே வலிக்காது. முதுகெலும்பு முறிவுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு யாருக்கும் தெரியாமலே போகிறது. முதுகு பிடித்துக்கொண்டது என்று தைலம் தடவிக்கொண்டு விட்டுவிடுவார்கள். அதனால்தான் நீங்கள் சொன்ன உயரம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அம்மாவைச் செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிற்கவைத்து, தலைமேல் ஓர் அட்டையை மட்டமாக வைத்து, சுவரில் கோடு போட்டு அளந்து பாருங்கள். காலையில் அளந்தால் நல்லது. இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால் முதுகெலும்பைப் பக்கவாட்டில் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

முக்கியமான பரிசோதனை எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். படுக்கவைத்து, இடுப்பையும் கீழ்முதுகையும் எடுப்பார்கள். கால் மணி நேரம்கூட ஆகாது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. கூடவே இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், வைட்டமின் டி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டு, தேவைப்பட்டால் பாராதைராய்டு ஹார்மோன் பார்ப்பார்கள். எலும்பைக் கரைக்கும் வேறு நோய் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் இதெல்லாம். குதிகாலில் ஒரு கருவியை வைத்து இலவசமாகப் பார்க்கும் முகாம்களை நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதை வைத்து எலும்புப்புரை என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

அமைதிவழி எழுதியது:

எனக்கு 70 தாண்டிவிட்டது. மாற்றுக் கருத்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

வயதானால் முடி நரைக்கிறது, எலும்பும் மெலிகிறது. இயற்கையாக நடப்பதற்கு ஒரு எண்ணைக் குறித்து, அதற்குக் கீழே வந்தவர்களை எல்லாம் நோயாளி என்று சொன்னால் பாதிப் பேர் நோயாளிதான். என் மனைவிக்கு இப்படித்தான் ஒரு ஸ்கேன் எடுத்து, மைனஸ் 1.6 என்றார்கள். அன்றிலிருந்து படி இறங்கவே பயப்படுகிறார். பயமுறுத்தி மருந்து விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல சாப்பாடு, நடை, வெயில் போதாதா?

மாலைநேரம் எழுதியது:

ஐயா, உங்கள் மனைவியின் பயம் எனக்குப் புரிகிறது. மைனஸ் 1.6 என்பது எலும்புப்புரை இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள்.

அந்த எண் டி-ஸ்கோர். திடமான எலும்புள்ள இளம் பெண்ணின் சராசரியோடு நம் எலும்பை ஒப்பிட்டுச் சொல்வது. மைனஸ் 1 வரை இயல்பு, மைனஸ் 1க்கும் மைனஸ் 2.5க்கும் நடுவில் அடர்த்திக் குறைவு, மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே எலும்புப்புரை. உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லை இது. நடுவில் இருப்பவர்கள் எல்லோரும் மருந்து சாப்பிட வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் கேட்ட கேள்வியை மருத்துவ உலகமும் கேட்டிருக்கிறது. எண்ணை மட்டும் பார்க்கக் கூடாது என்பதால்தான் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தார் 2008இல் ஃபிராக்ஸ் என்ற கணிப்பானைக் கொண்டுவந்தார்கள். வயது, எடை, முன்பு எலும்பு முறிந்ததா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு மருந்து, முடக்குவாதம் எல்லாவற்றையும் சேர்த்து, அடுத்த பத்து வருடத்தில் முறிவு வரும் வாய்ப்பைக் கணிக்கும். உங்கள் மனைவியின் மருத்துவரிடம் அதைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குறைவாக வந்தால் அவருக்கும் நிம்மதி.

ஆனால் "இயற்கைதானே" என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் மாமியாருக்கு இடுப்பு முறிந்தது. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். அத்தை பிழைத்தார். ஆனால் தனியாகக் கழிப்பறைக்குப் போகிற தெம்பு திரும்பவே இல்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாத மனுஷி. இரவில் என்னை எழுப்ப மனமில்லாமல், மாலை ஐந்து மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார். நரைத்த முடி யாரையும் அப்படி வைப்பதில்லை ஐயா.

அமைதிவழி எழுதியது:

அம்மா, நீங்கள் எழுதியதை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அந்தக் கணிப்பானைப் பற்றிக் கேட்கிறோம். எல்லோருக்கும் மருந்து என்ற போக்கு பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ஒரு முறை எலும்பு முறிந்தவரின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தேனருவி எழுதியது:

கால்சியம் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். உணவியல் படித்தவள், வேலையும் அதில்தான்.

50 தாண்டிய பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் தேவை. இது உணவும் மாத்திரையும் சேர்ந்த கணக்கு. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள், உணவில் வருவதைக் கழிக்காமல் 1,200க்கும் மாத்திரை போடுகிறார்கள். ஒரு பெரிய டம்ளர், அதாவது 250 மி.லி. பாலில் சுமார் 300 மி.கி. இருக்கிறது. தயிரும் கிட்டத்தட்ட அப்படித்தான். முள்ளோடு சாப்பிடும் சின்ன மீன், எள், கால்சியம் சேர்த்துச் செய்த டோஃபு எல்லாம் நல்லவை. கீரைகளில் பசலை வகையை மட்டும் நம்ப வேண்டாம். அதில் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஆக்சலேட் அதிகம், இருக்கும் கால்சியத்தில் ஐந்து சதவீதம் அளவுக்குத்தான் உடம்பில் சேரும். பாலில் மூன்றில் ஒரு பங்கு சேரும். நாள் முழுக்கச் சாப்பிடுவதைக் கூட்டிப் பாருங்கள், குறைவதற்கு மட்டும் மாத்திரை.

சுடர்விழி, அம்மாவின் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. என்று போட்டிருந்தால் அதில் உண்மையான கால்சியம் 500 மி.கி. தான். கார்பனேட்டில் 40 சதவீதம், கால்சியம் சிட்ரேட் என்ற இன்னொரு வகையில் 21 சதவீதம். கார்பனேட் கரைய வயிற்று அமிலம் வேண்டும், அதனால் சாப்பாட்டோடு போட வேண்டும். அமிலம் குறைக்கும் மாத்திரை தினமும் சாப்பிடுபவர்களுக்கு சிட்ரேட் பொருத்தம், அதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். ஒரே நேரத்தில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ளாது, பிரித்துப் போடுங்கள். தைராய்டுக்கான தைராக்சின் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதற்கும் கால்சியத்துக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையையும் கூடவே போடக் கூடாது. காலையில் எல்லா மாத்திரையையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் போடுகிற அம்மாக்கள் எத்தனை பேர்!

வைட்டமின் டி பற்றியும் ஒன்று. 70 வயது வரை ஒரு நாளைக்கு 600 ஐ.யு. (வைட்டமினை அளக்கும் அலகு), அதற்கு மேல் 800 ஐ.யு. என்பது பொதுவான அளவு. குறைபாடு இருந்தால் மருத்துவர் அதிகம் கொடுப்பார், அது வேறு. நிறையப் போட்டால் நிறைய நல்லது என்று நினைக்காதீர்கள். ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை ஐந்து லட்சம் ஐ.யு. கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட அதிகம் விழுந்திருந்தார்கள், அதிகம் முறிவும் கண்டிருந்தார்கள். 2022இல் வந்த வைட்டல் ஆய்வில், குறைபாடு இருக்கிறதா என்று பார்க்காமல் ஆரோக்கியமானவர்களுக்கு தினமும் 2,000 ஐ.யு. கொடுத்ததில் முறிவுகள் குறையவில்லை. ஆக, கால்சியமும் டியும் அடிப்படை. அவை இல்லாமல் மற்ற மருந்துகளும் சரியாக வேலை செய்யாது. ஆனால் ஒரு முறை எலும்பு முறிந்தவருக்கு அவை மட்டும் போதாது.

புரதத்தையும் மறக்க வேண்டாம். வயதானவர்கள் இரவுச் சாப்பாட்டைச் சுருக்கிச் சுருக்கி, தசையே இல்லாமல் போய்விடுகிறார்கள். ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராமாவது வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

நிமிர்நடை எழுதியது:

இயன்முறை மருத்துவராக ஒரு வேண்டுகோள். முதுகெலும்பு எக்ஸ்ரே பார்க்கும்வரை சுடர்விழியின் அம்மா குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சி எதுவும் செய்ய வேண்டாம்.

1984இல் மேயோ கிளினிக்கில் எலும்புப்புரை உள்ள பெண்களைப் பிரித்து, சிலருக்கு முதுகை முன்னால் வளைக்கும் பயிற்சியும் சிலருக்கு முதுகை நிமிர்த்தும் பயிற்சியும் கொடுத்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் முன்னால் வளைத்தவர்களில் பெரும்பாலோருக்குப் புதிய முறிவு வந்தது, நிமிர்த்தியவர்களில் மிகச் சிலருக்கே வந்தது. யோகா செய்பவர்களும் இதைக் கவனியுங்கள். யோகாவே கூடாது என்று சொல்லவில்லை. நெற்றியை முழங்காலில் கொண்டுபோய் வைக்கும் ஆசனங்களையும் முதுகைப் பலமாக முறுக்கும் ஆசனங்களையும் விடுங்கள். கீழே கிடக்கும் பொருளை எடுக்கும்போது முதுகை வளைக்காமல், இடுப்பில் மடங்கி முழங்காலை மடக்கி எடுங்கள்.

அப்புறம் நடை. நல்லதுதான், இதயத்துக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் தினமும் நடக்கும் அதே நடை எலும்புக்குப் புதிதாக எதையும் சொல்வதில்லை. எலும்பு உறுதிப்பட வேண்டுமென்றால் அதன்மேல் பாரம் ஏற வேண்டும். ஆஸ்திரேலியாவில் லிஃப்ட்மோர் என்று ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2018இல் வெளியானது. 58 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை எடை தூக்கவைத்தார்கள், குதித்து இறங்கவும் வைத்தார்கள். வாரம் இரு முறை, அரை மணி நேரம், எட்டு மாதம். கீழ்முதுகின் அடர்த்தி அவர்களுக்கு 3 சதவீதத்தை ஒட்டிக் கூடியது, வீட்டில் லேசான பயிற்சி செய்தவர்களுக்கு 1 சதவீதத்துக்குச் சற்று மேல் குறைந்தது. இதைப் படித்துவிட்டு நாளைக்கே எடையைத் தூக்காதீர்கள். அங்கே பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்று, படிப்படியாகத்தான் கூட்டினார்கள். பாட்டிகளுக்கு எடை தூக்கும் பயிற்சியா என்று சிரிக்காதீர்கள் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

வீட்டிலேயே தொடங்க இது: கைப்பிடி இல்லாத, அசையாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டு எழுந்திருங்கள், மெதுவாக உட்காருங்கள். தொப்பென்று விழாமல் உட்காருவதில்தான் தொடைக்கு வேலை. முடியாவிட்டால் நாற்காலியில் ஒரு தலையணையைப் போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், பழகியதும் எடுத்துவிடலாம். அடுத்து, சமையல் மேடையை ஒரு கையால் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. பல் துலக்கும் நேரத்தில்கூடச் செய்யலாம். விழாதவருக்கு இடுப்பு உடைவது அபூர்வம், சமநிலைப் பயிற்சியின் அருமை அதில்தான் இருக்கிறது.

மாலைநேரம் எழுதியது:

நிமிர்நடை சொன்னதோடு வீட்டையும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். வழுக்கும் கால்மிதி, படுக்கையிலிருந்து கழிப்பறை வரை இருட்டான வழி, பிடிக்க எதுவுமில்லாத குளியலறைச் சுவர், பின்பக்கம் பிடிப்பில்லாத செருப்பு. தூக்க மாத்திரையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளும் எழுந்ததும் தலைசுற்ற வைக்கும், மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளலாம். கண்ணில் புரை இருந்தால் எடுத்துவிடுங்கள்.

சுடர்விழி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. பரிசோதனைகள் முடிந்தன. உயரம் இளமையில் இருந்ததைவிட 5 செ.மீ. குறைவு. டெக்ஸாவில் கீழ்முதுகு மைனஸ் 1.9, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி மைனஸ் 2.7. பக்கவாட்டு எக்ஸ்ரேயில் ஒரு முதுகெலும்பு முன்பக்கம் நசுங்கி ஆப்பு போல ஆகியிருக்கிறது, எப்போது ஆனது என்று தெரியவில்லை. முதுகுவலி என்று அம்மா ஒரு நாளும் படுத்ததில்லை. வைட்டமின் டி 14. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.

முதலில் டி குறைபாட்டைச் சரிசெய்துவிட்டு, எலும்பு கரைவதைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையை வாரம் ஒரு முறை 70 மி.கி. தொடங்கலாம் என்கிறார்கள். தாடை எலும்பு அழுகிவிடும், தொடை எலும்பு தானாக உடையும் என்றெல்லாம் படித்துவிட்டு அம்மா வேண்டாம் என்கிறார். எனக்கும் கலக்கமாக இருக்கிறது. முதுகில் எலும்புப்புரை இல்லை என்று எண் சொல்லும்போது அங்கே எப்படி முறிவு?

பவளமல்லி எழுதியது:

வயதானவர்களின் முதுகில் தேய்மானத்தால் முள்போல எலும்பு வளர்ந்திருக்கும், நசுங்கிய எலும்பும் அடர்த்தியாகத் தெரியும். இரண்டும் சேர்ந்து எண்ணை உயர்த்திக் காட்டிவிடும். அதனால்தான் குறைவாக உள்ள இடத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். முதுகெலும்பு நசுங்கியது தெரிந்த பிறகு எண்ணே முக்கியமில்லை, சிகிச்சை தேவை.

பயத்துக்கு வருவோம். அம்மா படித்த இரண்டும் உண்மையாகவே நடப்பவைதான், மறைக்க வேண்டியதில்லை. தாடை எலும்புப் பிரச்சினை எலும்புப்புரைக்குக் கொடுக்கும் அளவில் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவர் முதல் ஒரு லட்சத்தில் ஒருவர் வரை என்று கணக்கிடுகிறார்கள். அதிகம் வருவது புற்றுநோய்க்காக இதே வகை மருந்தை மிக அதிக அளவில் எடுப்பவர்களுக்கு. பல் பிடுங்க வேண்டியது ஏதாவது இருந்தால் மருந்து தொடங்கும் முன் முடித்துவிடுங்கள், பல் மருத்துவரிடம் இந்த மருந்தைப் பற்றி எப்போதும் சொல்லுங்கள். தொடை எலும்பு முறிவும் அபூர்வம், பல வருடம் தொடர்ந்து எடுக்கும்போதுதான் வாய்ப்பு கூடுகிறது. தொடையிலோ கவட்டையிலோ காரணமில்லாமல் மந்தமான வலி வந்தால் அசட்டையாக விடாதீர்கள். இதற்காகத்தான் மாத்திரையை ஐந்து வருடம் போல எடுத்தபின், நிலையைப் பார்த்து இடைவெளி விடுகிறார்கள். இந்தப் பக்கத்தில் அந்த அபூர்வமான ஆபத்து, அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு முறிவு. 1996இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், முன்பே முதுகெலும்பு முறிந்த பெண்களுக்கு இந்த மாத்திரை முதுகு, இடுப்பு முறிவுகளை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தது. உங்கள் அம்மா அந்தப் பெண்களைப் போன்றவர்தான். என் அம்மாவாக இருந்தால் நான் கொடுப்பேன்.

கயல் எழுதியது:

அந்த மாத்திரை சாப்பிட்டவள் நான், எப்படி என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாளை வைத்துக்கொண்டேன். எழுந்ததும் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு. காபி, பால் எதிலும் கூடாது. மெல்லவும் கூடாது. அடுத்த அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறு எதுவும் சாப்பிடவும் கூடாது. படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். குனிந்து செய்யும் வேலையை எல்லாம் தள்ளிவைத்துவிட்டுச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவேன். அன்று கால்சியத்தை இரவுச் சாப்பாட்டோடு போட்டுக்கொள்வேன்.

எனக்கு முன்பே நெஞ்செரிச்சல் உண்டு, இது ஒத்துக்கொள்ளவில்லை. மருத்துவரிடம் சொன்னதும் வருடத்துக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் ஸோலெட்ரானிக் அமிலத்துக்கு மாற்றினார். முதல் முறை ஏற்றிய மறுநாள் காய்ச்சலும் உடம்புவலியும் அடித்துப்போட்டது, பாராசிட்டமால் போட்டுச் சமாளித்தேன். அடுத்த வருடம் அப்படி எதுவும் இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு வழி இருக்கிறது, அம்மாவிடம் சொல்லுங்கள்.

வெண்முகில் எழுதியது:

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். எனக்கு 44 வயது. கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டார்கள். முறிவு எதுவும் இல்லை. ஹார்மோன் மாத்திரை எடுத்தால் எலும்புக்கு நல்லது என்கிறார்கள், புற்றுநோய் வரும் என்றும் சொல்கிறார்கள்.

பவளமல்லி எழுதியது:

வெண்முகில், 45க்கு முன் மாதவிடாய் நின்றவர்களுக்கு எலும்பிழப்பும் முன்பே தொடங்கிவிடும், அதனால் நீங்கள் இப்போதே கேட்பது நல்லது. அந்தப் பயம் 2002இல் வந்த அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் ஹார்மோன் எடுத்தவர்களுக்கு இடுப்பு முறிவு குறைந்தது, கூடவே மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கூடின. ஆனால் அதில் இருந்தவர்களின் சராசரி வயது 63, அவர்கள் எடுத்தது இரண்டு ஹார்மோன்கள் சேர்ந்த மாத்திரை. சின்ன வயதில் சூலகத்தை இழந்தவருக்கு, உடம்பு இயல்பாகச் சுரந்திருக்க வேண்டியதைத்தான் திருப்பிக் கொடுக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டு போன்ற தடைகள் இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை, அதாவது ஐம்பதை ஒட்டிய வயதுவரை, எடுக்கச் சொல்வதுதான் இப்போது பொதுவான வழக்கம். மகப்பேறு மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

முடக்குவாதத்துக்கோ ஆஸ்துமாவுக்கோ ஸ்டீராய்டு மாத்திரை மூன்று மாதத்துக்கு மேல் எடுப்பவர்களும், மார்பகப் புற்றுநோய்க்குப் பின் ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்களும் முறிவு வரும்வரை காத்திருக்காமல் எலும்பைப் பாருங்கள்.

பூங்காற்று எழுதியது:

என் அம்மாவுக்கு எலும்புப்புரைக்காக ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி போகிறது. அடுத்த ஊசிக்கான தேதி வரும்போது அண்ணன் வீட்டுக்கு வெளிநாடு போயிருப்பார், திரும்பி வர இன்னும் மூன்று மாதம் ஆகும். வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று அம்மா சொல்கிறார். ஒரு ஊசி தள்ளிப்போனால் பரவாயில்லையா?

பவளமல்லி எழுதியது:

பூங்காற்று, தள்ளிப்போடவே கூடாது. மாத்திரை வகை மருந்துகள் எலும்பில் தங்கி, நிறுத்திய பிறகும் கொஞ்ச காலம் காக்கும். இந்த ஊசி அப்படித் தங்காது. ஆறு மாதம் தாண்டிச் சில வாரங்களில் அதன் பிடி விட்டுவிடும், அதுவரை அடங்கியிருந்த எலும்புக் கரைவு முன்பைவிட வேகமாகத் திரும்பும். அந்தச் சமயத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நசுங்கியவர்கள் உண்டு. நிறுத்தத்தான் வேண்டும் என்றால்கூட உடனே வேறு மருந்துக்கு மாற்றித்தான் நிறுத்துவார்கள். இன்றே மருத்துவரிடம் பேசுங்கள். புறப்படும் முன் சற்று முன்கூட்டியே போடலாமா, அங்கே போய்ப் போட ஏற்பாடு செய்யலாமா என்று கேளுங்கள். போடும் முன் இரத்தத்தில் கால்சியம் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காற்று எழுதியது:

பேசிவிட்டேன் அக்கா. புறப்படுவதற்கு முந்தைய வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள், இரத்தப் பரிசோதனைக்கு நாளைக் காலை கூட்டிப்போகிறேன். அதற்கடுத்த ஊசியின் தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி அண்ணனுக்கு அனுப்பிவிட்டேன், அம்மா அங்கே கூடுதலாகத் தங்கினாலும் விட்டுப்போகாது.